பர்மாவிலிருந்து வந்த நீலச் சட்டைகள்

அந்த நீலச் சட்டைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாடைதான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முகத்தில் அடிக்கும். கப்பலில் நாள்கணக்கில் கிடந்து ஈரம் ஏறிய அட்டை, பூச்சி வராமலிருக்கத் தெளித்த மருந்து, இரண்டும் கலந்து நாக்கின் அடியில் கசப்பாக உட்கார்ந்துகொள்ளும். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் சாம்பாரிலும் அதே வாடை. இப்போதும் புதுச் சட்டை எதையாவது கையில் எடுத்தால் ஒரு கணம் குமட்டுகிறது.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் ஒரு சட்டைக் கம்பெனியில் பதினான்கு வருஷமாகத் தைக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். யாரிடமும் சட்டென்று பேச வராது. சூப்பர்வைசர் என்னை ஊமைக்கோட்டான் என்பான். லைனில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் எனக்காகப் பேசியவள் என் பக்கத்து மெஷின்காரி. பெருமுக்கல்லிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். அதனால் எல்லோருக்கும் அவள் பெருமுக்கல்காரிதான். என்னைவிட மூன்று வயது சின்னவள், வாய் மட்டும் மூன்று ஆளுக்கு இருக்கும். பாத்ரூமுக்குப் போக டோக்கன் முறை கொண்டுவந்தபோது, "ஒன் பொண்டாட்டிக்கும் வீட்ல டோக்கன் குடுத்திருக்கியா சார்?" என்று மேனேஜரிடமே கேட்டவள். டோக்கன் ஒரு வாரத்தில் காணாமல் போனது.

பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு மறு வருஷம் அந்தப் பெட்டிகள் வந்தன. வழக்கமாக எங்களுக்கு வெட்டிய துணி வரும், நாங்கள் சட்டையாக்குவோம். இவை தைத்து முடித்த சட்டைகளாகவே வந்தன. இதில் நாங்கள் தைக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், காலருக்கு அடியில் கம்பெனிப் பெயர் போட்ட பட்டிக்குக் கீழே விரல்நகம் அளவுக்கு ஒரு சாட்டின் துண்டு. எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் துண்டு அது. அதைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே ஓட்டையில் ஊசி இறங்கும்படி மேட் இன் இந்தியா என்ற துண்டை வைத்துத் தைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பிரித்த துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் சூப்பர்வைசர் எண்ணுவான், ஒன்று குறைந்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் தேடிப் போட வேண்டும். இது எங்களுக்குப் புதிதல்ல. தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துணுக்கு முழுவதையும் தேடிப் பொறுக்கி, காகிதத்தில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். துணுக்கு கிடைக்கும்வரை லைனே நிற்கும். அந்த மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டோம். ஊசித்துணுக்கு சட்டை போடுகிறவன் உடம்பில் குத்தும், சரி. இந்தத் துண்டு யாரைக் குத்தும் என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சாட்டின் துண்டுக்கு ஒரு குணம் உண்டு. பிரித்தவுடன் நூல்பிசிறோடு துணியில் ஒட்டிக்கொள்ளும். முந்தானையில், தாவணியில், ஜாக்கெட் கையில் எங்கே ஒட்டியது என்றே தெரியாது. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் ஒருத்தி முதுகை ஒருத்தி தடவி நூல் எடுத்துவிடுவது எங்கள் பழக்கம். அதையும் தாண்டி ஒருநாள் ஒரு துண்டு என் பாவாடை மடிப்பில் வீடுவரை வந்துவிட்டது. மறுநாள் சத்தமில்லாமல் டப்பாவில் போட்டுவிட்டேன். பெருமுக்கல்காரியிடம் மட்டும் சொன்னேன். "நல்லவேள, ஒன்ன புடிச்சி ஜெயில்ல போடல," என்றாள்.

அதே சமயத்தில் கம்பெனி கேட்டில் எங்கள் சங்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. பர்மாவில் தொழிற்சங்கங்களைத் தடை செய்துவிட்டார்கள், அங்கே போராடும் தொழிலாளிகளுக்கு நாம் ஆதரவு தரவேண்டும் என்று ஒரு நோட்டீஸ். எங்கள் தலைவர் விழுப்புரத்துக்காரர். மெஷினில் உட்கார்ந்து பல வருஷமாகிறது. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, பேசி முடித்ததும் தொண்டையைக் கனைத்து ஓரமாகத் துப்பும் பழக்கம். கையெழுத்துப் போட வரிசையில் நின்றோம்.

"பர்மாவா? அத்தோ நூடுல்ஸ் கட காரங்க ஊரு தான தலைவரே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, அத்தோ. நீ திங்கறதுலயே இரு. கையெழுத்த போடு, ஜல்தி."

ஒரு கையால் பர்மாவுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய், அதே கையால் அந்தத் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். துண்டில் இருந்தது மியான்மர் என்ற இங்கிலீஷ் எழுத்து. பர்மாவும் மியான்மரும் ஒரே ஊர் என்பது இருநூறு பெண்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஏதோ சீனாப் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

தெரிய வந்ததும் ஒட்டிக்கொண்டுபோன ஒரு துண்டால்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெருமுக்கல்காரி பையிலிருந்து மாதா கோயில் காணிக்கைக் கவர் ஒன்றை எடுத்தாள். சின்னக் கவர், மேலே மாதா படம். உள்ளே அந்தச் சாட்டின் துண்டு.

"நேத்து பொடவ அவுக்கசொல்ல கீழ வுழுந்துச்சிக்கா. எம் பொண்ணு எடுத்து பாத்துட்டு, யம்மா இது பர்மாம்மான்னுது. மியான்மர்னா பர்மாவாம். அதுங்க புத்தகத்துல போட்டுருக்காம்."

"அப்படியா?"

"இன்னாக்கா அப்படியா? நாம எதுக்கு கையெழுத்து போட்டம்? யார் சட்டையில யார் பேர அழிச்சிக்கினு கீறோம்?"

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். கையில் ஒன்றுமில்லை.

"டப்பாவுல போட்டுடு. கணக்கு கொறையும்," என்றேன். எனக்குத் தோன்றியது அதுதான்.

"போடமாட்டேன். ஞாயித்துக்கெழம விழுப்புரத்துல கூட்டம் கீதுல்ல. மெட்ராசுல இருந்து பெரிய சங்கத்து அம்மா வர்றாங்களாம். அவங்க கையில குடுக்கப்போறேன்."

அன்று சாயங்காலமும் டப்பாவில் அந்த ஒன்று குறைந்தது. எல்லோரையும் நிறுத்தி உதறிப் பார்த்தார்கள். மெஷினுக்கு அடியில் சூப்பர்வைசர் டார்ச் அடித்துத் தேடினான். காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பெருமுக்கல்காரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அது எனக்கு விளையாட்டாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். வாசலில் ஃபிளெக்ஸ். அதில் பாதிக்கு மேல் எங்கள் தலைவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். மூலையில் பர்மா மக்கள் ராணுவத்தை எதிர்த்து மூன்று விரலைத் தூக்கி நிற்கும் சின்னப் படம். நடுவில் மார்பு முழுக்க மெடல் குத்திய ஒரு ஆள் படம், அதன் கீழே 'உங்கள் போராட்டம் வெல்க.' சென்னையிலிருந்து வந்த அம்மா ஆட்டோவை விட்டு இறங்கியவர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தோழர், இவர்தான் ஆட்சியப் புடிச்ச ராணுவத் தளபதி."

தலைவர் ஃபிளெக்ஸ் கடைக்காரனுக்குப் போன் போட்டுத் திட்டினார். பர்மா தலைவர் என்று நெட்டில் தேடினேன், முதலில் இந்த ஆள்தான் வந்தான் என்றானாம் அவன். வேறு வழியில்லாமல் அந்த அம்மாவுக்குப் போர்த்த வைத்திருந்த சால்வையை எடுத்துத் தளபதி முகத்தின்மேல் ஊக்கு வைத்துக் குத்தினார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் சால்வை தூக்கிக்கொண்டு அவன் எட்டிப் பார்த்தான். "பாருக்கா, சால்வ அவனுக்கே போயிடுச்சி," என்று பெருமுக்கல்காரி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று சிரித்தது அதோடு சரி.

அந்த அம்மா கத்தாமல் பேசினார். பர்மாவில் ராணுவம் வந்ததும் முதலில் தெருவுக்கு வந்தவர்களில் சட்டைக் கம்பெனிப் பெண்கள் நிறையப் பேர் என்றார். சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு பாத்திரங்களைத் தட்டுவார்களாம். அங்கே பேயை விரட்ட அப்படித் தட்டுவது வழக்கமாம். சங்கத்தில் இருந்தவர்களைத் தேடி விடுதிகளுக்கே பட்டாளம் வந்ததாம். பிறகு ஒன்று சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனிகள் பர்மாவில் சரக்கு வாங்குவதை நிறுத்த வேண்டும், அந்த லாபம் ராணுவத்துக்குத்தான் போகிறது, அதனால் எங்கள் வேலை போனாலும் போகட்டும் என்று அந்தத் தொழிலாளிகளின் சங்கங்களே கேட்கின்றனவாம். நிறுத்திவிட்டோம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றனவாம். உண்மையா என்று தெரியவில்லை என்றார்.

பெருமுக்கல்காரி என் தொடையில் கிள்ளினாள். "தெரியலயாம். ஆதாரம் நம்மகிட்டதான கீது," என்று எழுந்தாள். கவரைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் போனாள். தலைவர் பாதி வழியிலேயே வந்துவிட்டார். நான் பின்னாலேயே நின்றேன்.

"இன்னாம்மா?"

"தலைவரே, அந்த அம்மாகிட்ட இத்த குடுக்கணும். நாங்க பிரிக்கற லேபிள். பர்மா சட்டதான் நம்ம கம்பெனிக்கு வருது."

தலைவர் கவரைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறவில்லை. அவருக்கு அது புதுச்செய்தி இல்லை என்று அப்போதே தெரிந்தது.

"இங்க குடு. நான் பாத்துக்கறேன்."

"நானே குடுக்கறேன் தலைவரே."

"ஏம்மா, ஒனக்கு வெவரம் தெரியுமா? இந்த ஆர்டர் போச்சின்னா இருநூறு பொம்பளைங்க நாளைக்கு ரோட்ல நிப்பாளுங்க. பெரிய பேஜாராயிடும். இத்த மொறையா, சங்கம் மூலமா கொண்டுபோகணும். போ, போய் டீ சாப்டு."

கவர் அவர் சட்டைப் பாக்கெட்டுக்குள், இரண்டு பேனாவுக்கு நடுவில் போனது. சங்கம் மூலமாக என்றதும் அவள் அடங்கிவிட்டாள். சங்கத்தை அவ்வளவு நம்பினாள். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. ஆர்டர் போனால் நாங்கள் தெருவில்தான் நிற்போம். பர்மாக்காரிகள் வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கைதட்டிக் கேட்கத்தான் எங்களால் முடிந்தது. பிறகு எல்லோரும் மூன்று விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். முன்வரிசையில் தலைவர், அவர் பக்கத்தில் பெருமுக்கல்காரி. வாய் நிறைய மிக்சர் வைத்துக்கொண்டு விரலைத் தூக்கியவர்களும் இருந்தார்கள். தரையெல்லாம் காலில் மிதிபட்ட மிக்சர், எண்ணெய்க் காகிதம். நான் பின்வரிசையில் பாதிக் கை தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமை அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனிப் பொருளைத் திருடி வெளியே கொண்டுபோனதாக மெமோ. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. பையை எடுக்க லைனுக்கு வந்தவள் என் காதில் சொன்னாள்.

"டேபிள் மேல எங்கோயில் கவருக்கா. மாதா படத்தோட அப்பிடியே கீது. அந்தாளு குடுத்துட்டான்."

பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன், எச்சில்தான் வந்தது. திரும்பி வந்து சட்டையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினேன்.

திருட்டு என்று முடிந்துவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும். நாற்பதைத் தாண்டியவளை, அதுவும் திருட்டுப் பேரோடு, இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் எடுக்காது. அவள் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. நான் எடுக்கவில்லை, துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. நடந்தது அதுதான். ஆனால் வேறு யாராவது ஒருத்தி, ஆமாம், அப்படி ஒட்டிக்கொண்டு வருவது உண்டு என்று சொல்ல வேண்டும். லைனில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பக்கத்து மெஷின் என்பதால் சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் தலைவர் என்னைத் தேடி வந்தார். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

"நாளைக்கு அந்த பொண்ணுக்காக நான்தான் சங்கம் சார்புல உக்காரப்போறேன். எல்லாத்தையும் பேசி வெச்சிக்கீறேன். நீ ஒண்ணும் வாய தொறக்க வேணாம். நீ எதனா சொல்லப்போயி அவங்க தோண்டினா ஒனக்கும் சிக்கல், அவளுக்கும் சிக்கல். புரியுதா?"

தலையாட்டினேன். என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு போனார். மீதிச் சோற்றை என்னால் தொட முடியவில்லை.

மறுநாள் ஆபீஸில் ஏசி ரூம். கம்பெனி ஏற்பாடு செய்த வக்கீல் ஒருவர் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் கம்பெனி ஆபீசர். எதிரே பெருமுக்கல்காரி, அவளுக்கு ஆதரவாக அவள் பக்கத்திலேயே தலைவர். காட்டிக்கொடுத்தவனும் காப்பாற்ற வந்தவனும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் மாதா கவர். அதன் பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட், பிஸ்கட்மேல் எறும்பு.

"இவங்க லேபிள எடுத்து மறைச்சத நீங்க பாத்தீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுக்குத் தைரியம் இருந்தது.

"நீங்க எதாவது கேக்கணுமா?" என்று அவளிடம் கேட்டார். தலைவர், "ஒண்ணுமில்லிங்க சார்," என்றார். அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, லேபிளு துணில ஒட்டிக்கினு வூட்டுக்கு வர்றது உண்டா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எறும்பு சர்க்கரைத் தூளைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஒனக்கும் ஒருவாட்டி வந்துச்சில்லக்கா?"

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை, அவள்மேல் கோபம். என்னை ஏன் இழுக்கிறாள் என்று. இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் வக்கீல்.

தலைவர் கனைத்தார். "அது எப்பவும் பேசாதுங்க சார். சுபாவம் அப்பிடி. லைன்ல யார வேணா கேட்டுப்பாருங்க."

கம்பெனி ஆபீசர் சிரித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் கூச்சத்தைச் சொல்லி அந்த ஆள் என்னை விடுவித்தபோது, தோளிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு என் உடம்பே பிடிக்காமல் போகிறது. சாட்சி பதில் சொல்லவில்லை என்று வக்கீல் எழுதச் சொன்னார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பர்மாவுக்காகப் போட்ட அதே கையெழுத்து.

அவளை நீக்கிவிட்டார்கள். சங்கம் ஒரு கண்டன நோட்டீஸ் ஒட்டியது, மழையில் கிழிந்து போனது. நீலச் சட்டைகள் இன்னும் மூன்று மாதம் வந்தன, பிறகு நின்றன. ஏன் நின்றன என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆர்டர் போயும் இருநூறு பேரில் ஒருத்திகூட ரோட்டில் நிற்கவில்லை. வேறு ஆர்டர் வந்தது. தலைவர் சொன்ன ஒரே நியாயமும் அத்தோடு போனது.

கொஞ்ச நாள் கழித்து வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் இங்கிலீஷ் புத்தகத்தைத் தலைவர் கேட்டில் நின்று ஆளுக்கொன்று கொடுத்தார். உள்ளே அந்த மண்டபத்துப் படம். பர்மாத் தொழிலாளர்களோடு தோள் சேர்ந்து நிற்கும் இந்தியத் தொழிலாளிகள் என்று கீழே போட்டிருப்பதாகச் சொன்னார். முன்வரிசையில் மூன்று விரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு நின்றாள் பெருமுக்கல்காரி. "நல்லா வந்துக்கீது இல்ல?" என்று கேட்டார் தலைவர். அவளைக் காட்டியே கேட்டார். இந்தப் படத்தை வைத்து அவருக்கு ஏதோ ஒரு நாட்டு மாநாட்டுக்கு அழைப்பும் வந்திருந்தது. பர்மாப் பெண்கள் பாத்திரத்தைத் தட்டிப் பேயை விரட்டுகிறார்கள் என்று அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. என் கையில் டிபன் டப்பா இருந்தது. தட்டவில்லை. புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன தை மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று திரும்புவதற்குள் அவளே எதிரில் வந்துவிட்டாள். கறுத்திருந்தாள். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போய் வருவதாகச் சொன்னாள். நகத்தில் செம்மண். பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறாளாம். என்னை எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பேசிக்கொண்டே கையை நீட்டி என் தோளிலிருந்து எதையோ எடுத்தாள். ஒரு நூல்பிசிறு. பஸ் ஏறும் முன் ஒருத்திக்கொருத்தி எடுத்துவிடும் அந்தப் பழக்கம் அவள் கையை விட்டுப் போகவில்லை. விரலில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒட்டிக்கினுதான் வருதாக்கா?"

"ஆமா," என்றேன்.

கேட்டதும் வந்துவிட்டது. ஏசி ரூமில் வராத வார்த்தை, யாரும் எழுதிக்கொள்ளாத இடத்தில், பஸ் இரைச்சலுக்கு நடுவில், அவ்வளவு சுலபமாக.

அவள் நூலை ஊதிவிட்டாள். பெருமுக்கல் பஸ் வந்தது. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.